கலங்கல் தண்ணீரில் கடுகளவு உயிர்: டெல்டாக் கரையில் ஸ்கூபா மேக்ரோ

அந்தமான் படங்களைப் பார்த்துவிட்டு அதே கனவோடு அதிராம்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ முங்குபவர்களுக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே சப்பென்று போய்விடும். டெல்டாக் கடல் நீலமாக இருக்காது. வண்டலும் பாசியும் கலந்த பச்சைப் பழுப்புதான் அதன் நிறம். கையை நீட்டினால் விரல் நுனி மங்கும் நாட்களே அதிகம். இரண்டு மூன்று மீட்டர் தெரிந்தால் கொண்டாட்டம். இந்தத் தண்ணீரில் மீன் கூட்டத்தையோ கூட வரும் ஆளையோ அகலமாகப் படம் எடுக்க முயல்வது வீண் வேலை.

சின்ன உயிர்களை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ படத்தின் கதை வேறு. படத்தைக் கெடுப்பது கடலின் ஒட்டுமொத்தக் கலங்கல் அல்ல. லென்சுக்கும் உயிருக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும்தான். அந்த இடைவெளியை ஒரு சாணுக்குள், முடிந்தால் நாலு விரற்கடைக்குள் கொண்டுவந்துவிட்டால் அந்தமானும் அதிராம்பட்டினமும் ஏறக்குறைய ஒன்றுதான். கீழே சொல்லப்போகும் எல்லா வேலையும் அந்த நாலு விரற்கடைக்காகத்தான்.

எப்போது, எங்கே

ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றுக் காலத்தில் முயற்சியே வேண்டாம். அலையும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து அடிமண்ணைப் புரட்டிப் போட்டிருக்கும். கொள்ளிடத்தில் வெள்ளம் திறந்துவிட்டிருந்தால் பழையாறு முகத்துவாரத்தை ஒட்டிய பகுதி மழை நின்ற பிறகும் பல நாள் தெளியாது. மாசிக் கடைசி முதல் சித்திரை வரைதான் நல்ல காலம். அதிலும் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இறங்கி ஏறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால் ஆழம் குறைந்த இடமெல்லாம் கலங்கிவிடும்.

நாட்காட்டியில் திதியையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம் கூடும். நீரோட்டமும் வேகமாக இருக்கும், வண்டல் கிளம்பும். அட்டமி தொடங்கி இரண்டு மூன்று நாள் ஓட்டம் குறைந்து வண்டல் படியும். அட்டமி நவமியில் நல்ல காரியம் கூடாது என்பார்கள். இந்தக் காரியத்துக்கு அவைதான் நல்ல நாள்.

இன்னொரு கணக்கும் உண்டு. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் தினமும் போவதில்லை. நாட்டுப்படகுகளோடு நாள் பிரித்துக்கொண்டு போகின்றன. இழுவலை அடியை உழும் நாளைவிட மறுநாள் தண்ணீர் தெளிவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இன்னும் நல்லது. ஆனால் விசைப்படகு ஓயும் நாளில்தான் நாட்டுப்படகுக்காரர்களின் நண்டு வலையும் தங்கூசி வலையும் தண்ணீரில் நிறைய இருக்கும். தங்கூசி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வலை அறுக்கும் கருவி ஒன்றை மார்புப் பக்கம், இரண்டு கையும் எட்டும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். காலில் கட்டிய கத்தியால் பயனில்லை. வலை முதலில் பிடிப்பதே காலைத்தான்.

இடம் என்றால் இரண்டு வகை. முதலாவது, தஞ்சை மாவட்டக் கரையில் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கத்துக் கடற்புல் படுகைகள். இரண்டு முதல் ஐந்து மீட்டர் ஆழம். குழல்மீன், கடல்குதிரை, கடல் முயல், கண்ணாடி போன்ற இறால் எல்லாம் இங்கேதான். 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் இந்தக் கடலில்தான் வருகிறது. ஆகவே இறங்குமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவுகள். கல் இடுக்குகளில் நண்டு, கடல் சாமந்தி, ஓடில்லாக் கடல் நத்தை எல்லாம் குடியிருக்கும். அலை அரை மீட்டருக்கு மேல் இருந்தால் அங்கே இறங்காதீர்கள். உள்ளே வாங்கும் அலை ஆளைக் கல்லோடு சேர்த்து அடிக்கும்.

எந்த இடமானாலும் சிலிண்டரோடு இறங்கும் முன் ஊர் மீனவர்களிடமும் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். சர்வதேச எல்லைக்குப் பக்கத்துக் கடல் இது. யாரோ சிலிண்டர் மாட்டிக்கொண்டு முங்கினார்கள் என்ற சேதி கரைக்கு நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

கேமரா

பட்டியல் போட்டு நீட்ட வேண்டியதில்லை. தொடங்குகிறவருக்கு ஒலிம்பஸ் டிஜி-6 அல்லது அதன் பின் வந்த டிஜி-7 போதும். மைக்ராஸ்கோப் முறையில் லென்சிலிருந்து 1 செ.மீ. வரை குவியும். நீர் புகாத உறை இல்லாமலே 15 மீட்டர் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொன்னாலும் உறை போட்டே இறக்குங்கள். மூடியின் ரப்பரில் ஒரு மணல் துகள் போதும், கேமரா போய்விடும். 1 செ.மீ. வரை போக முடியும் என்பதற்காகப் போகவும் கூடாது. அவ்வளவு நெருங்கினால் கேமராவின் நிழலே உயிரின் மேல் விழும். வெளிச்சம் உள்ளே நுழைய வழியிருக்காது. கொஞ்சம் ஜூம் செய்து, 5 முதல் 7 செ.மீ. தள்ளி நில்லுங்கள்.

லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் 60 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், உறையில் லென்சுக்கு முன்னால் தட்டைக் கண்ணாடி முகப்பு. கலங்கல் தண்ணீருக்கு 60 மேல். 100 மி.மீ. லென்சில் அதே அளவு படத்துக்கு இன்னும் தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தள்ளலில் வண்டல் நுழைந்துகொள்ளும். முகப்பின் வெளியே மாட்டும் ஈர லென்ஸ் (உருவைப் பெரிதாக்கும் கூடுதல் கண்ணாடி, +5, +10 என்பது அதன் வலு) வாங்கினால் முதலில் +5 வாங்குங்கள். +10க்கும் மேல் போனால் குவியும் தூரம் மிகக் குறுகி, நீரோட்டத்தில் ஆடிக்கொண்டு உயிரைத் திரைக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு.

அமைப்பு இப்படி: ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100 அல்லது 200, ஷட்டர் 1/200, லென்சின் துளை (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) பெரிய உணரி உள்ள முழுச்சட்டகக் கேமராவில் எஃப்/16, சிறிய உணரி உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/8 முதல் 11. இந்த அமைப்பில் ஃப்ளாஷ் படாத எல்லாம் கறுத்துவிடும். டெல்டாத் தண்ணீருக்கு அதுதான் வேண்டும். பின்னணியில் பழுப்புச் சேற்றைக் காட்டுவதைவிடக் கறுப்பு எவ்வளவோ மேல். உயிருக்குப் பின்னால் கல்லோ புல்லோ ஒட்டி இல்லாத கோணமாகப் பார்த்து, கேமராவைத் தாழ்த்தி லேசாக மேல்நோக்கிப் பிடித்தால் கறுப்பு தானாக வரும்.

முழுச்சட்டகத்தில் உயிரின் உண்மை அளவிலேயே படம் விழும்போது, எஃப்/16 வைத்தாலும் கூர்மையாக இருப்பது சுமார் 2 மி.மீ. ஆழம்தான், ஒரு பச்சரிசியின் பருமன். எஃப்/8 என்றால் அதில் பாதி. கண்ணும் வாலும் இரண்டுமே கூர்மையாக வேண்டும் என்று ஆசைப்படாமல், எந்த அரிசிப் பருமன் கூர்மையாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வெளிச்சம்: பாதிப் படம் இங்கேதான் கெடுகிறது

படம் முழுக்கப் பனி பெய்தது போல வெள்ளைப் புள்ளிகள். முதல் ஐம்பது படங்கள் எல்லோருக்கும் இப்படித்தான் வரும். காரணம் எளிது. லென்சுக்கும் உயிருக்கும் நடுவே மிதக்கும் வண்டல் துகள்கள் மேல் ஃப்ளாஷ் பட்டுத் திரும்பி லென்சுக்குள் வருகிறது. மாட்டுவண்டிப் பாதையில் இரவில் காரின் உயர் விளக்கைப் போட்டால் புழுதிதானே முன்னால் தெரியும், அதே கதைதான்.

துகளை அகற்ற முடியாது. அதன் மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ளலாம். ஃப்ளாஷின் ஒளி கூம்பு போல விரியும். கூம்பின் நடுவால் உயிரை அடிக்காமல், அதன் உள்விளிம்பு மட்டும் உயிரைத் தொட்டுப் போகும்படி திருப்ப வேண்டும். செய்முறை: உறையின் பக்கக் கைகளில் மாட்டும் வெளி ஃப்ளாஷ்களின் தலைகள் முகப்புக் கண்ணாடியைவிட 2, 3 செ.மீ. பின்னால் இருக்கட்டும். ஒருபோதும் முன்னால் நீட்டக் கூடாது. உயிர் 5 செ.மீ. தூரத்தில் என்றால் தலைகளை முகப்பின் இரு பக்கமும் ஒட்டி வைத்து, முகத்தை லேசாக வெளிப்பக்கம் திருப்புங்கள். உயிர் 15 செ.மீ. தள்ளி என்றால் ஃப்ளாஷ் கைகளை விரித்து இரு பக்கமும் ஒரு சாண் அகலம் விடுங்கள். ஒரே ஒரு ஃப்ளாஷ்தான் என்றால் முகப்புக்கு மேலே, உச்சி வெயில் விழுவது போலக் கீழே சாய்த்து வையுங்கள். நிழல் இயல்பாக விழும்.

ஃப்ளாஷுக்கு முன்னால் வெள்ளை டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் மூடி) கட்டாயம். கடல் நத்தையின் உடம்பு ஈரமாக மின்னும். டிஃப்யூசர் இல்லாவிட்டால் முதுகில் வெள்ளைப் பொட்டுகள் எரிந்துபோய்த் தெரியும். ஃப்ளாஷ் வலுவைக் கையால் அமையுங்கள், கால் பங்கிலிருந்து தொடங்கலாம். தானியங்கி அளவை வெண்மணல் ஏமாற்றிவிடும்: மணலைப் பார்த்து ஒளியைக் குறைக்கும், மணல் மேல் கிடக்கும் கறுப்பு உயிர் மையாகிவிடும். படம் இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவைத் தொடாமல் ஃப்ளாஷைக் கூட்டுங்கள். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் பின்னணிப் பழுப்பும் கூடவே எழுந்து வரும்.

குவிப்பதற்கு 500 முதல் 1000 லூமன் டார்ச் ஒன்று போதும். சிவப்பு வடிகட்டி இருந்தால் இறால்கள் மிரளாது.

கழுநீர்ப் பயிற்சி

இதைக் கடலில் கற்றுக்கொண்டால் சிலிண்டர் காற்றும் படகு வாடகையும் கரையும். வீட்டிலேயே செய்யலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டியோ, நெடுக்கில் பாதியாக அறுத்த நீல டிரம்மோ இருந்தால் போதும். நல்ல தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு பத்து ரூபாய்க் காசைப் போடுங்கள். அரிசி களைந்த கழுநீரைச் சொம்பு சொம்பாக ஊற்றி, மேலிருந்து பார்த்தால் காசின் எழுத்து மங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கழுநீர்த் துகள் பொடி. கடலின் பொதுவான மங்கல் மட்டும் அதில் கிடைக்கும். வெள்ளைப் புள்ளி வர வேண்டுமானால் ஒரு சிட்டிகைத் தவிடு தூவிக் கலக்குங்கள்.

ஒரு நெல்மணியை நூலில் கட்டி, அடியில் ஒரு கல்லோடு பிணைத்துத் தண்ணீருக்குள் நிறுத்துங்கள். நெல்லின் உமியில் பொடி முடிகள் உண்டு. மூக்கில் கூரான நுனி உண்டு. அந்த முடி எண்ணத் தெரிகிற மாதிரி படம் வந்தால் குவிப்பு சரி. இப்போது ஃப்ளாஷை வேண்டுமென்றே தவறாக, நேராக நெல்லைப் பார்த்து வைத்து ஒரு படம் எடுங்கள். தவிடு முழுக்கப் பனியாகத் தெரியும். பிறகு தலையை ஒவ்வொரு விரல் அகலமாகப் பின்னுக்கும் வெளிப்பக்கமும் நகர்த்தி ஒவ்வொரு படம் எடுங்கள். ஏழெட்டுப் படத்துக்குள் ஓர் இடத்தில் பனி சட்டென்று நின்று நெல் மட்டும் மஞ்சளாக நிற்கும். அந்த நிலையில் ஃப்ளாஷ் கையின் மூட்டுகளில் நகச்சாயத்தால் கோடு போட்டு வையுங்கள். கடலுக்குள் கோட்டுக்குக் கோடு சேர்த்தால் போதும், யோசிக்க வேண்டாம்.

அடுத்து, ஒருவரை அகப்பையால் தண்ணீரை மெல்ல ஆட்டச் சொல்லுங்கள். நூலில் நெல் ஊசலாடும், கடற்புல்லில் பற்றிய கடல்குதிரை போலவே. அதைத் துரத்திக் குவிக்கப் பார்க்காதீர்கள். குவிப்பைப் பூட்டிவிட்டு, கேமராவை ஒரு செ.மீ. முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கூர்மை கடக்கும் கணத்தில் மூன்று நான்கு படம் தொடராக எடுங்கள். ஒன்று தேறும். ஒரு மாலையில் நூறு படம் எடுத்தால் கை பழகிவிடும்.

தண்ணீருக்குள்

முதலில் சான்றிதழ். ஓப்பன் வாட்டர் என்னும் ஆரம்ப ஸ்கூபா பயிற்சியைப் புதுச்சேரியிலோ சென்னையிலோ முடித்து, கேமரா இல்லாமல் இருபது முங்கலாவது முடித்த பிறகு கேமராவைத் தொடுங்கள். மூன்று மீட்டர் ஆழம்தானே என்று நினைக்க வேண்டாம். மேற்பரப்புக்கு அருகில்தான் காற்றின் கன அளவு ஒவ்வொரு மீட்டருக்கும் அதிகமாக மாறுகிறது. மிதவைக் கட்டுப்பாடு இருபது மீட்டரைவிட மூன்று மீட்டரில்தான் கடினம். மூச்சு ஒன்று பெரிதாக இழுத்தால் ஆள் பலூன் மாதிரி எழும்பிவிடுவார்.

அடியை அடைந்ததும் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். புல் சாயும் திசையே போதும். எப்போதும் ஓட்டத்துக்கு எதிர்முகமாகவே உயிரை நெருங்க வேண்டும். நீங்கள் கிளப்பும் வண்டல் காலுக்குப் பின்னால் போய்விடும். லென்சுக்கு முன் வரும் தண்ணீர் புதிதாக இருக்கும். துணையாளும் உங்களுக்குப் பின்பக்கமே நிற்கட்டும். அவர் முன்னால் போய்க் காலில் மாட்டிய துடுப்பை ஒரு முறை அடித்தால் அந்த இடத்தில் பத்து நிமிடம் படம் கிடையாது. முழங்காலை மடித்து, துடுப்பை மேலே தூக்கி, தவளை போலப் பக்கவாட்டில் உதையுங்கள். புல் படுகையில் மண்டியிடாதீர்கள். புல் நசுங்குவது ஒருபக்கம், கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் புதைந்திருக்கும் திருக்கையின் முள் இன்னொரு பக்கம்.

படமெடுக்கிறவர்கள் தம்மையறியாமல் செய்யும் பெரிய தவறு மூச்சை அடக்குவது. கேமரா ஆடாது என்று நினைத்து அடக்குவார்கள். அப்படியே அலையில் ஒரு மீட்டர் மேலே எழும்பினாலும் நுரையீரல் விரிந்து காயப்பட வாய்ப்புண்டு. முழுதாக வெளியே விட்டு முடிந்து அடுத்த மூச்சு தொடங்கும் இயல்பான இடைவெளியில், தொண்டை திறந்திருக்க, அழுத்துங்கள்.

காற்றின் கணக்கு: 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு). 50 பாரைத் தொடாமல் வைத்தால் கையில் இருப்பது 1650 லிட்டர். ஐந்து மீட்டரில் அழுத்தம் ஒன்றரை மடங்கு. நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு அங்கே 22 முதல் 30 லிட்டர் செலவு. ஆக 55 முதல் 70 நிமிடம். ஒரு கடல் நத்தையோடு மல்லுக்கட்டினால் அரை மணி நேரம் போவதே தெரியாது. ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் ஒரு முறை காற்று மானியைப் பாருங்கள். ஏறுமுன், நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுகளுக்குக் காட்டும் மிதவைக் குழாயை மேலே விடுங்கள். ஃபைபர் படகுகள் குறுக்கே போகும் கடல் இது.

தேடுவது எப்படி

கடல் நத்தையை நேராகத் தேடினால் கிடைக்காது. அதன் முட்டையைத் தேடுங்கள். கல்லின் மேலோ புல்லின் இலையிலோ ரிப்பனைச் சுருட்டி வைத்தது போல, சிறு ஜிலேபி வடிவில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒட்டியிருக்கும். அதைக் கண்டால் இட்டவர் பக்கத்தில்தான் இருப்பார். கறுப்புத் திராட்சைக் கொத்து போல இருந்தால் அது கணவாய் முட்டை. பொரியும் பருவத்தில் உள்ளே குஞ்சின் கண் தெரியும்.

கடல் நத்தைக்குக் கண்ணைக் குவிக்க முடியாது. கண் இருப்பதே தெரியாது. தலையில் நிற்கும் இரண்டு கொம்புகளில் குவியுங்கள். மேலிருந்து எடுத்தால் அது வெற்றிலை எச்சில் மாதிரி தட்டையாக விழும். தாழ்ந்து, முன்னாலிருந்து, அது உங்களைப் பார்த்து வரும்போது எடுங்கள். நண்டு, இறால், மீனுக்குக் கண்தான். வேறு எது கூர்மையாக இருந்தாலும் கண் மங்கினால் படம் தேறாது. நண்டு உள்ளே ஒளிந்துகொண்டால் குச்சி விட்டுக் குடையாதீர்கள். அசையாமல் இரண்டு நிமிடம் இருந்தால் தானே எட்டிப் பார்க்கும்.

கடல்குதிரை, கடல் அட்டை, பவளம் ஆகியவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. பிடித்து வசதியான இடத்தில் வைத்துப் படமெடுப்பது குற்றம், அசிங்கமும்கூட. கடல்குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம். நாலைந்து ஃப்ளாஷுக்கு மேல் வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

கரையில்

கேமராவை உறைக்குள் பூட்டுவது ஏசி அறையில் நடக்கட்டும். டெல்டாக் கரையின் ஈரக் காற்றைப் படகில் வைத்து உறைக்குள் அடைத்தால், தண்ணீரில் இறங்கிக் கண்ணாடி குளிர்ந்ததும் அந்த ஈரம் முகப்பின் உள்ளே பனியாகப் படியும். வெயிலில் காய்ந்த உறையில் இது இன்னும் மோசம். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே இருக்கட்டும். படகில் ஈரத் துண்டு போர்த்தி வையுங்கள்.

ரப்பர் வளையத்தைப் பழைய ஏடிஎம் அட்டையின் மூலையால் எடுங்கள், ஊசியால் வேண்டாம். விரல்களுக்கு நடுவில் ஓட்டினால் ஒற்றை முடிகூடத் தட்டுப்படும். தயாரிப்பாளர் சொன்ன சிலிகோன் கிரீஸ் ஓர் அரிசி அளவு போதும். கிரீஸ் கூடினால் மணலை வா என்று அழைக்கும். தேங்காய் எண்ணெய், வாசலின் இரண்டும் ஆகாது. பிறகு கேமரா இல்லாத வெற்று உறையைப் பத்து நிமிடம் வாளியில் அமுக்கி, உள்ளே ஒரு டிஷ்யூ காகிதம் நனையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏறியதும் கழுவுவதில்தான் உள்ளூர்க்காரர்களே ஏமாறுகிறார்கள். வேதாரண்யம், நாகை, கரையோரத் தஞ்சைப் பகுதிகளில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் ஊறவைத்தால் கடல் உப்பைக் கழுவி நில உப்பை ஏற்றுவதுதான். பொத்தான்கள் மூன்றே மாதத்தில் இறுகும். குழாயில் வரும் கொள்ளிடம் கூட்டுக் குடிநீரோ, கேன் தண்ணீரோ ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஊறட்டும். ஊறும்போது ஒவ்வொரு பொத்தானையும் இருபது முறை அழுத்துங்கள். உப்பு தங்குவது அதன் அடியில்தான். நிழலில் உலர்த்தி, மூடியைப் பூட்டாமல் வளையத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

படத்தில் உள்ளது என்ன உயிர் என்று தெரிந்துகொள்ள ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையதளத்தில் ஏற்றலாம். அதற்காகவே ஒவ்வொன்றுக்கும் முன்புறம், பக்கவாட்டு, முதுகு என்று மூன்று படமாவது எடுத்து வைத்திருங்கள். நத்தையின் முதுகுச் செவுள் தெரியாவிட்டால் இனம் சொல்ல முடியாது. கடல்குதிரைப் படத்தை ஏற்றும்போது மட்டும் இருப்பிடத்தை மறைக்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். அதை வாங்கி விற்கிறவர்களும் வரைபடம் பார்ப்பார்கள்.